சொல்லையும் பொருளையும் சேர்த்துவைத்த ஆசான்

தொடக்கப் பள்ளிச் சிறுவன் ஒருவன் பாடநூலைத் தடையின்றி உரக்கப் படிக்கிறான். எழுத்துகளைப் பிழையறக் கூட்டுகிறான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறான். படித்து முடித்த பின், அவன் படித்த சொற்களுள் ஒன்றைச் சுட்டி, இதன் பொருள் யாது என வினவினால் விழிக்கிறான். வாய் படித்தது; மனம் படிக்கவில்லை. கண் எழுத்தைக் கண்டது. எழுத்துக்கு அப்பால் நின்ற பொருளைக் காணவில்லை. ஆசிரியப் பணியில் இருப்போர் அனைவரும் இக்காட்சியைக் கண்டிருப்பர். மாலை வேளையில் பிள்ளைகளை அருகில் அமர்த்திப் பாடம் கேட்கும் பெற்றோரும் கண்டிருப்பர்.

இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஐரோப்பாவின் நடுப்பகுதியில் பிறந்த ஒருவர் இதனைத் தம் பள்ளிப் பருவத்திலேயே உணர்ந்தார். உணர்ந்து வருந்தியதோடு நில்லாமல், இதற்கு மாற்றுக் காண்பதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவர்தாம் ஜான் ஆமோஸ் கொமேனியஸ். ஆசிரியப் பயிற்சி நூல்களில் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடும் பெயர் அது. அந்தப் பத்திகளுக்குப் பின்னே போரும், கொள்ளைநோயும், நாடிழந்த துயரும் நிறைந்த ஒரு வாழ்க்கை இருக்கின்றது. அவ்வாழ்க்கையை அறிந்தால்தான் அவர் குழந்தைகளுக்காக எழுதிய நூல்களின் அருமை விளங்கும்.

இளமையும் இழப்பும்

இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பகுதியாகிய மொராவியாவில் 1592 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆம் நாள் கொமேனியஸ் பிறந்தார். கோமென்ஸ்கி என்பது செக் மொழியில் அவர் குடும்பப் பெயர். கொமேனியஸ் என்பது அதன் இலத்தீன் வடிவம். அவர் குடும்பத்தார் சகோதரர் ஒன்றியம் என்னும் சிறியதொரு கிறித்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். மறைநூலை ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் தாமே படிக்க வேண்டும் என்பது அச்சபையாரின் கொள்கை. ஆதலால் எழுத்தறிவு அவர்களிடையே இறைவழிபாட்டின் ஒரு பகுதியாகவே மதிக்கப்பட்டது.

பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தார் சிறுவர். சிறிது காலத்திற்குள் தாயும் சகோதரியர் இருவரும் மறைந்தனர். உறவினர் வீட்டில் ஒதுங்கி, ஊர்ப் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே படையெடுப்பால் அவ்வூரும் அழிந்தது, படிப்பு நின்றது. மீண்டும் அவர் பிரெரொவ் நகரின் இலத்தீன் பள்ளியில் சேர்ந்தபோது வயது பதினாறு. தம்மினும் இளைய சிறுவர்களுடன் ஒரே பலகையில் அமர்ந்து முதற்பாடம் கற்க நேர்ந்தது.

இந்தக் காலத் தாழ்வே பின்னாளில் உலகிற்கு நன்மையாய் முடிந்தது. அக்காலத்தில் கல்வி என்றால் இலத்தீன். இலத்தீனைக் கற்பிக்கும் இலக்கண நூலும் இலத்தீனிலேயே இருந்தது. பொருள் விளங்காத விதிகளை, பொருள் விளங்காத சொற்களால் மனனம் செய்ய வேண்டும், தவறினால் பிரம்படி. சிறுவர்கள் அழுதனர், தங்களுக்கு அறிவில்லை என்று நம்பினர். பதினாறு வயது இளைஞருக்கோ குறை எங்கிருக்கிறது என்று எடைபோடும் முதிர்ச்சி இருந்தது. குற்றம் குழந்தையிடத்தில் இல்லை, கற்பிக்கும் முறையில் இருக்கின்றது என்பதை அவர் அங்கேயே கண்டுகொண்டார். அவர் பின்னர் எழுதிய அனைத்திற்கும் வித்து இதுவே.

1611 ஆம் ஆண்டில் செருமனியின் ஹெர்போர்ன் உயர்கல்விக் கூடத்திலும், பின்னர் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். ஹெர்போர்னில் மாணவராய் இருந்த நாளிலேயே, 1612 இல், தம் தாய்மொழியாகிய செக் மொழிக்கு ஒரு பேரகராதி தொகுக்கத் தொடங்கினார். அந்த அகராதி பின்னர் என்னவாயிற்று என்பதை உரிய இடத்தில் காண்போம். 1614 இல் ஹைடல்பர்க்கிலிருந்து கால்நடையாகவே ஊர் திரும்பினார். தாம் துன்புற்றுப் படித்த அதே பிரெரொவ் பள்ளியில் ஆசிரியரானார். சிறுவர்களுக்கு எளிதாய் அமையும் இலக்கண நூல் ஒன்றை இயற்றியது அங்கே அவர் செய்த முதற்பணிகளுள் ஒன்று.

போரும் நாடிழப்பும்

1618 இல் புல்னெக் என்னும் ஊரில் சபைக் குருவாகவும் பள்ளித் தலைவராகவும் பொறுப்பேற்றார். மணம் புரிந்து இல்லறம் நடத்தினார். ஆனால் அவ்வாண்டுதான் ஐரோப்பாவை முப்பது ஆண்டுகள் அலைக்கழித்த பெரும்போர் மூண்டது. 1620 இல் பிராக் நகரை அடுத்த வெண்மலைப் போரில் அவர் சார்ந்த தரப்பு தோற்றது. 1621 இல் புல்னெக் படைகளால் சூறையாடப்பட்டுத் தீக்கிரையானது. அவருடைய நூல்கள் அழிந்தன. உயிர் தப்பி மறைந்து வாழ்ந்தார். 1622 இல் கொள்ளைநோய் பரவியது. இளம் மனைவியும் குழந்தைகள் இருவரும் அந்நோய்க்கு இரையாயினர்.

தம் முதல் மக்கள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பிப் பார்க்கும் பேறு அத்தந்தைக்கு வாய்க்கவில்லை. அத்துயரில் அவர் ஒடுங்கிப் போயிருக்கலாம். 1623 இல் அவர் எழுதிய உலகப் புதிர்ப்பாதை பற்றிய உருவகக் கதை, அந்நாளைய அவர் மனநிலையைக் காட்டுவது. செக் இலக்கியத்தின் தலைசிறந்த உரைநடை நூல்களுள் ஒன்றாக இன்றும் அது போற்றப்படுகிறது. எனினும் அவர் துயரிலேயே தங்கிவிடவில்லை. 1624 இல் மறுமணம் செய்துகொண்டார். சமயக் கட்டளையை ஏற்காதோர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என ஆணை பிறந்தபோது, 1628 இல் தம் மக்களுடன் எல்லை கடந்து போலந்து நாட்டின் லெஷ்னோ நகரை அடைந்தார். அதன்பின் அவர் வாழ்ந்த நாற்பத்திரண்டு ஆண்டுகளும் அயல்நாட்டு வாழ்க்கையே.

நாடு மீண்டும் தமக்குக் கிடைக்கும், அப்போது சீர்குலைந்த சமுதாயத்தைக் குழந்தைகளிடமிருந்தே கட்டியெழுப்ப வேண்டும் என அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தில் பிறந்ததே பெருங் கற்பித்தற்கலை என்னும் நூல். முதலில் செக் மொழியில் எழுதி, பின்னர் இலத்தீனில் விரித்தார். ஏழை, செல்வர், ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி வேண்டும் என்பது அந்நூலின் அடிப்படை. ஆறு வயது வரை தாயின் மடியே பள்ளி. ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒவ்வோர் ஊரிலும் தாய்மொழிப் பள்ளி. அதன்பின்னரே இலத்தீன் பள்ளியும் பல்கலைக்கழகமும் என அவர் வகுத்தார். தாய்மொழியில் சொல்வளம் பெறாத குழந்தைக்கு அயல்மொழி கற்பிப்பது, நடக்கத் தெரியாதவனைக் குதிரையேற்றுவது போலாகும் என்பது அவர் கருத்து.

தாயின் மடியில் தொடங்கும் சொல்வளத்தை அவர் மிக உயர்வாக மதித்தார். நீர், நெருப்பு, மழை, கல், இரும்பு, மரம், பறவை, மீன் எனச் சூழவுள்ளவற்றைக் காட்டிக் காட்டிப் பெயர் சொல்லும் தாயே முதல் ஆசிரியர் என்றும், பள்ளி வாயிலை மிதிக்கும் முன்பே கல்வியின் வேர்கள் ஊன்றப்பட்டுவிடுகின்றன என்றும் பெற்றோர்க்கென ஒரு தனி நூலே எழுதினார். 1633 இல் அது செருமன் மொழியில் வெளிவந்தது.

வாயில் திறந்தது

லெஷ்னோ பள்ளியில் இலத்தீன் கற்பித்தபோது அவர் கண்டது பழைய இடர்ப்பாடுதான். மாணவர்க்குச் சொற்கள் தெரியவில்லை. தெரிந்த சொற்களும் எதைக் குறிக்கின்றன என்பது தெரியவில்லை. அப்போது ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரிலிருந்த ஐரிஷ் பாதிரியார் சிலர் தொகுத்த ஒரு நூலைப் பற்றி அறிந்தார். பயன்மிக்க சொற்களையெல்லாம் ஆயிரத்துச் சில்லறை வாக்கியங்களில் அடக்கிய நூல் அது. எண்ணம் நன்று, ஆனால் வாக்கியங்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. மாணவன் சொல்லைக் கற்றானே அன்றி உலகைக் கற்கவில்லை.

கொமேனியஸ் அந்த இடத்தில்தான் வேறு வழியை வகுத்தார். 8000 சொற்களை 1000 வாக்கியங்களில், 100 தலைப்புகளின் கீழ் அமைத்தார். உலகின் தோற்றம், நெருப்பு, நீர், மண், செடிகொடி, விலங்கு, மனித உடல், தொழில்கள், இல்லம், நகரம், அறநெறி எனப் பொருள் வரிசைப்படி தலைப்புகள் சென்றன. தொடக்க வாக்கியங்கள் சிறியன. போகப் போக நீள்வன. ஒரு பக்கம் இலத்தீன், மறுபக்கம் தாய்மொழி. 1631 இல் வெளிவந்த அந்நூலுக்கு மொழிகளின் திறந்த வாயில் எனப் பெயரிட்டார்.

தமிழ் மாணவர்க்கு இவ்வமைப்பு அயலானதன்று. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகைப்படி பெயர்களைத் தொகுத்துத் தரும் சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளியில் மனனம் செய்த மரபு நம்முடையது. நிகண்டு பெயர்களைச் செய்யுளில் கோத்துத் தந்தது. கொமேனியஸ் பெயர்களை வாக்கியங்களில் வாழவைத்தார். சொல் தனியே நில்லாமல், பிற சொற்களோடு உறவு கொண்டு நின்றதால், பொருளும் பயன்பாடும் ஒருசேர மாணவன் மனத்தில் பதிந்தன.

அந்நூல் பெற்ற வரவேற்பு ஆசிரியரையே வியப்பில் ஆழ்த்தியது. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. அரபு முதலிய ஆசிய மொழிகளிலும் அது பெயர்க்கப்பட்டதாக அந்நூற்றாண்டின் அறிஞர்கள் குறித்துள்ளனர். ஆயினும் கொமேனியஸ் நிறைவடையவில்லை. வாயிலை அடைவதே சிறுவர்க்குக் கடினமாய் இருக்கக் கண்டு, 1633 இல் ஏறத்தாழ 1000 சொற்கள் மட்டும் கொண்ட முன்றில் என்னும் சிறுநூலை எழுதினார். முன்றிலைக் கடந்த பின் வாயில். மாணவனின் கால் அளவிற்கேற்பப் படியை இழைத்துத் தாழ்த்தும் இந்தப் பொறுமையே நல்லாசிரியருக்கு அழகு.

அழைப்புகளும் அலைச்சலும்

புகழ் பரவவே நாடுகள் அவரை அழைத்தன. 1641 இல் இங்கிலாந்து சென்றார். அறிஞர் பலர் கூடி உலக அறிவையெல்லாம் ஒருங்கு திரட்டும் கழகம் ஒன்றை நிறுவ அங்கே திட்டம் உருவானது. உள்நாட்டுப் போரின் நிழல் படிந்தமையால் அது கைகூடவில்லை. 1642 இல் சுவீடன் நாட்டின் அழைப்பை ஏற்று, பால்டிக் கடலை அடுத்த எல்பிங் நகரில் ஆறாண்டுக் காலம் தங்கி, அந்நாட்டுப் பள்ளிகளுக்கு மொழிப் பாடநூல்களை எழுதினார். அவருடைய உள்ளம் உலகளாவிய பேரறிவு நூல் ஒன்றை எழுத விழைந்தது. புரவலர்களோ பள்ளிப் பாடநூல்களையே கேட்டனர். விருப்பமில்லாப் பணியென்று அவர் சில வேளை சலித்ததுண்டு. ஆயினும் எதிர்காலம் அவரை நினைவில் வைத்தது அப்பாடநூல்களால்தான்.

1648 இல் போர் முடிந்து உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வுடன்படிக்கையில் அவர் நாட்டு அகதிகளுக்கு இடமில்லை. தாயகம் திரும்பும் நம்பிக்கை அத்துடன் பட்டுப்போயிற்று. இரண்டாம் மனைவியும் அவ்வாண்டே மறைந்தார். அதே ஆண்டில் சிதறிக் கிடந்த தம் சபைக்குத் தலைமைக் குருவாகும் பொறுப்பும் அவர் தோள்மீது ஏறியது.

ஓவியத்தில் ஓர் உலகம்

1650 இல் அங்கேரியின் சாரோஷ்பட்டாக் நகர்ப் பள்ளியைச் சீர்திருத்த வருமாறு அந்நாட்டு இளவரசர் குடும்பம் அழைத்தது. நான்காண்டுகள் அங்கே உழைத்தார். மாணவர்கள் மந்தமாய் இருந்தனர். ஆசிரியர்களிடமும் ஆர்வம் குறைவு. கொமேனியஸ் மனம் தளரவில்லை. பாடங்களை நாடகமாக்கினார். மாணவர்கள் உழவராகவும் தச்சராகவும் அறிஞராகவும் மேடையேறி, கற்ற சொற்களைப் பேசி நடித்தனர். ஊமையராய் இருந்தோர் வாய் திறந்தனர்.

அங்கேதான் அவருடைய வாழ்நாள் சிந்தனை முழுவதும் ஒரு சிறுநூலாய்த் திரண்டது. சொல்லோடு பொருளைச் சேர்க்க வேண்டும். எல்லாப் பொருளையும் வகுப்பறைக்குள் கொண்டுவர இயலாது. அப்படியானால் பொருளின் படத்தைக் கொண்டுவரலாம். ஒரு பக்கத்தில் படம். அதன்கீழ் அப்படத்தைச் சொல்லும் எளிய வாக்கியங்கள். இவ்வாறு 150 தலைப்புகள். சாரோஷ்பட்டாக்கில் படம் செதுக்க வல்ல கலைஞர் கிடைக்கவில்லை. ஆகவே நூல் செருமனியின் நியூரம்பர்க் நகர்ப் பதிப்பாளரிடம் சென்றது. மரப்பலகைகளில் படங்களைச் செதுக்கி முடிக்கக் காலம் பிடித்தது. 1658 இல், இலத்தீனும் செருமனும் அருகருகே அமைய, ஓவியத்தில் உலகம் எனப் பொருள்படும் ஆர்பிஸ் பிக்டஸ் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஆங்கிலப் பதிப்பும் வந்தது.

அந்நூலின் அமைப்பைச் சற்று நுணுகிக் காண்போம். தொடக்கத்தில் ஆசிரியர் ஒருவர் சிறுவன் ஒருவனை அறிவு பெற வருமாறு அழைக்கிறார். உலகின் பொருள்களையெல்லாம் காட்டிப் பெயர் சொல்வதாக உறுதி கூறுகிறார். ஆனால் அதற்கு முன் எழுத்துகளின் ஒலிகளைக் கற்க வேண்டுமல்லவா? அங்கேதான் கொமேனியஸின் நுட்பம் வெளிப்படுகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் உயிரினத்தின் அல்லது இயற்கைப் பொருளின் ஒலி. காகம் கரைவதும், ஆட்டுக்குட்டி கத்துவதும், காற்று வீசுவதும், வாத்துக் கத்துவதும், பாம்பு சீறுவதும், ஆந்தை அலறுவதும் எழுத்தின் ஒலிகளாகின்றன. படத்தைக் கண்டதும் குழந்தை அவ்வொலியை எழுப்புகிறது. எழுப்பிய ஒலிக்கு உரிய எழுத்து அருகிலேயே நிற்கிறது. அச்சமின்றி, அடியின்றி, விளையாட்டாகவே அகரவரிசை கைவருகிறது.

பின்னர் வானம், நெருப்பு, காற்று, நீர், மண், உலோகம், மரம், பறவை, விலங்கு, மீன், மனிதன் என உலகம் விரிகிறது. உழவு, தேன் எடுத்தல், மாவரைத்தல், ரொட்டி சுடுதல், நெசவு, தையல், தச்சு, கட்டடம் எனத் தொழில்கள் தொடர்கின்றன. தாள் செய்தல், அச்சிடுதல், பள்ளிக்கூடம் ஆகியவையும் இடம்பெறுகின்றன. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளின் அருகிலும் ஓர் எண். கீழேயுள்ள வாக்கியத்தில் அப்பொருளைக் குறிக்கும் சொல்லின் அருகிலும் அதே எண். குழந்தையின் விரல் படத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து படத்திற்கும் தானே சென்று வரும். இந்தச் சிறிய எண்ணே சொல்லையும் பொருளையும் பிணைத்த கயிறு.

ஆசிரியர்களுக்கு அவர் கூறிய அறிவுரைகளும் குறிப்பிடத்தக்கவை. பள்ளிக்கு வருமுன்பே குழந்தை வீட்டில் இந்நூலைப் புரட்டிப் படம் பார்த்து மகிழட்டும். படத்தில் உள்ளதை இயன்றவரை நேரிலும் காட்டுக. நிறம், சுவை போன்று படத்தில் அடங்காதவற்றை உண்மைப் பொருளைக் கொண்டே உணர்த்துக. விரும்பினால் குழந்தை அப்படங்களைப் பார்த்துத் தானும் வரையட்டும். வரைந்த கை மறப்பதில்லை. மேலும், தாய்மொழியில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுவதற்கும் இந்நூலே போதிய துணையாகும் என அவர் காட்டினார்.

நூலின் முகப்பில் அவர் பொறித்தது, ஆதி மனிதர் உயிரினங்களுக்குப் பெயரிட்ட நிகழ்ச்சியைச் சொல்லும் அவர்தம் வேதப் பகுதியை. இதனைப் படிக்கும் நமக்குத் திருமறையின் அல்பகரா அத்தியாயம் நினைவிற்கு வராமல் போகாது. அல்லாஹ் ஆதம் (அலை) அவர்களுக்குப் பொருள்களின் பெயர்கள் அனைத்தையும் கற்றுக்கொடுத்தான் என்றும், வானவர்களால் கூற இயலாத அப்பெயர்களை ஆதம் (அலை) எடுத்துரைத்தார்கள் என்றும் அங்கே அறிகிறோம். மனிதனுக்குக் கிடைத்த முதற்கல்வி பொருளும் பெயருமே. எழுத்துகளை மட்டும் ஒலித்துப் பொருளை விட்டுவிடும் வாசிப்பு, அம்முதற்கல்வியினின்றும் விலகிய வாசிப்பாகும்.

தீயும் திருநூலும்

1654 இல் கொமேனியஸ் லெஷ்னோவிற்குத் திரும்பினார். சுவீடனும் போலந்தும் போரிட்ட காலம் அது. சுவீடன் மன்னரைப் புகழ்ந்து அவர் ஒரு நூல் எழுதினார். தமக்கு அடைக்கலம் தந்த நாட்டின் பகைவரைப் புகழ்ந்தது போலந்து மக்களின் சினத்தை வளர்த்தது. தீர்க்கதரிசிகள் எனத் தம்மைக் கூறிக்கொண்ட சிலருடைய வாக்கையும் அவர் எளிதில் நம்பினார். பெரியோர் வாழ்விலும் பிழைகள் உண்டு. அவற்றை மறைத்து எழுதுதல் வரலாறு ஆகாது.

1656 ஏப்ரலில் லெஷ்னோ எரியூட்டப்பட்டது. அறுபத்து நான்கு வயது முதியவரின் இல்லமும், நூல்களும், கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. மாணவப் பருவத்தில் தொடங்கி நாற்பத்து நான்கு ஆண்டுகள் சொல் சொல்லாய்ச் சேர்த்த செக் பேரகராதியும் எரிந்துபோயிற்று. வீட்டை இழந்ததற்கன்று, அகராதியை இழந்ததற்கே அவர் இறுதிமூச்சு வரை வருந்தினார். மனைவி மக்களையும் நாட்டையும் இழந்தவர், தம் மொழியின் சொற்களஞ்சியத்தையும் இழந்தார்.

ஆம்ஸ்டர்டாம் நகரம் அவருக்கு அடைக்கலம் தந்தது. 1657 இல் அந்நகரின் ஆதரவால் அவர்தம் கல்வி நூல்கள் ஒரே தொகுதியாய் வெளிவந்தன. மறு ஆண்டு ஓவியத்தில் உலகம் வெளிவந்தது. பெரியோர்க்கெனத் தொகுத்த பேரகராதி தீயில் மறைய, சிறியோர்க்கென எழுதிய படநூல் நாடு நாடாய்ச் சென்றது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது மீண்டும் மீண்டும் அச்சேறியது. செருமானிய மகாகவி கதே தம் இளமைக்காலத்தில் குழந்தைகளுக்குக் கிடைத்த நூல்களுள் ஒன்றாக அதனை நினைவுகூர்ந்துள்ளார். இன்று உலகின் எந்தத் தொடக்கப் பள்ளிப் பாடநூலைத் திறந்தாலும் படமும் சொல்லும் சேர்ந்தே இருக்கக் காண்கிறோம். அவ்வழக்கின் முன்னோடி நாடற்ற ஓர் ஆசிரியர்.

1670 நவம்பர் 15 ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் அவர் காலமானார். அருகிலுள்ள நார்டன் என்னும் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டார். வாழ்ந்த நாளில் அவரை ஏற்காத தாயகம், இன்று அவர் பிறந்த மார்ச் 28 ஆம் நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறது. இருநூறு கொருனா பணத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்துள்ளது.

நமக்கு உரிய பாடம்

அவர் கிறித்தவ குரு. ஓவியத்தில் உலகம் நூலில் சமயங்களைப் பற்றிய பகுதியில் இஸ்லாத்தைப் பற்றி அவர் எழுதியுள்ளவை, அக்கால ஐரோப்பியரிடையே நிலவிய தவறான செய்திகளையே எதிரொலிக்கின்றன. கண்ணால் கண்ட பொருளையே கற்பிக்க வேண்டும் என்றவர், தாம் கண்டறியாத ஒரு சமுதாயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதை எழுதினார். தம் கொள்கையிலிருந்து தாமே வழுவிய இடம் அது. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. இதனால் அவர் கண்ட நல்வழியைத் தள்ளிவிடவும் வேண்டுவதில்லை. பத்ருப் போரில் சிறைப்பட்ட எதிரிகளுள் எழுத்தறிந்தோரை, மதீனாச் சிறுவர் பதின்மர்க்கு எழுதப் படிக்கக் கற்பித்து விடுதலை பெறச் செய்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் என்பது வரலாறு. பகைவரிடமிருந்தும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவைப் பெற்றுத் தந்த மரபினர் நாம்.

படித்துப் பொருள் கொள்ளுதல் என்பது எழுத்தைக் கூட்டும் திறமும் மொழியைப் புரியும் திறமும் ஆகிய இரண்டின் பெருக்கம் என 1986 இல் காஃப், டன்மர் என்னும் ஆய்வாளர்கள் விளக்கினர். இரண்டனுள் ஒன்று சுழியானால் விளைவும் சுழியே. கொமேனியஸ் காகத்தின் குரலால் முதலதை வளர்த்தார். எண்ணிட்ட படத்தால் இரண்டாமதை வளர்த்தார். கருவிகள் மாறியுள்ளன, உண்மை மாறவில்லை.

ஆசிரியராகப் போகும் மாணவச் செல்வங்களே! வகுப்பில் ஒரு புதுச்சொல் வரும்போது, அதற்கு மற்றொரு சொல்லைப் பொருளாகக் கரும்பலகையில் எழுதி அமைந்துவிடாதீர்கள். ஏர் என்று வந்தால் வயலோரம் அழைத்துச் செல்லுங்கள். தறி என்று வந்தால் நெசவாளர் வீட்டு வாயிலில் நிறுத்திக் காட்டுங்கள். இயலாவிடில் படம் காட்டுங்கள். அதுவும் இயலாவிடில் நீங்களே வரையுங்கள். பிறகு அச்சொல்லைக் குழந்தை தன் சொந்த வாக்கியத்தில் ஒருமுறை பேசட்டும். அதன்பின் அது நூலின் சொல்லன்று, குழந்தையின் சொல்.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாம் கட்டும் பள்ளிகளில் கட்டடத்திற்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கையேனும் படமுள்ள சிறுவர் நூல்களுக்கு ஒதுக்குவோம். அந்நூல்களைப் பேழையில் பூட்டிவைக்காமல் குழந்தைகளின் கைக்கு எட்டும் பலகையில் வைப்போம். கிழியட்டும், கைபட்டுக் கிழிந்த நூல் தன் பணியைச் செய்த நூல்.

தாய், மனைவி, மக்கள், வீடு, நாடு, அகராதி என எல்லாவற்றையும் இழந்த ஒருவர், இழக்காமல் காத்துக்கொண்டது ஒன்றே: கற்கும் குழந்தையின்பால் கொண்ட நம்பிக்கை. எந்தக் குழந்தையும் மந்தமன்று, காட்டுவார் இன்மையால் காணாதிருக்கிறது என அவர் நம்பினார். அந்நம்பிக்கையோடு நாளைக் காலை வகுப்பறைக்குள் நுழையும் ஒவ்வோர் ஆசிரியரும் அவர்தம் பணியைத் தொடர்பவரே.